பி.டி.டி. அழுத்தினால் மீட்டிங் அறுகிறது: கோளாறு ரேடியோவிலா, நெட்டிலா?

செங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறீர்கள். ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 50 வாட் போட்டு மைக்கின் பேசும் பொத்தானை (பி.டி.டி.) அழுத்தினால் மீட்டிங் உறைந்து நிற்கிறது, மவுஸ் தானாக ஓடுகிறது, வி.பி.என். அறுந்து மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. வேலை முடிந்து நிம்மதியாக ரேடியோ கேட்கலாம் என்று உட்கார்ந்தாலோ, லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ரேடியோவின் சிக்னல் மீட்டரில் எஸ்9 வரை இரைச்சல். ரேடியோவை மாற்றவா, ரௌட்டரை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது இரண்டு கேள்வி. ரேடியோவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் தொல்லை ஒன்று, கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவுக்கு வரும் தொல்லை இன்னொன்று. இரண்டும் வந்து போகும் பாதை மட்டும் ஒன்றுதான்: உங்கள் மேஜையைச் சுற்றிக் கிடக்கும் வயர்கள். ஆகவே ரேடியோவையும் மாற்ற வேண்டாம், ரௌட்டரையும் மாற்ற வேண்டாம். மீட்டிங் நேரத்தில் மைக்கைத் தொடாமல் இருப்பதும் ஒரு தீர்வுதான். அதற்கு யோசனை கேட்டு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கொடுத்த விவரத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஆன்டெனா. 20 மீட்டர் வயர், ஒரு நுனி தென்னைமரத்தில், மறு நுனி ஜன்னல் சன்ஷேடுக்கு மேல் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மரில், அங்கிருந்து 10 மீட்டர் கோஆக்ஸ், அதாவது ஆன்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் கேபிள், சுருட்டிவிட்டு அறைக்குள். ஒரு நுனியில் ஊட்டும் இந்த எண்ட்-ஃபெட் வகை கட்டுவதற்குச் சுலபம், அதனால்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். ஆனால் எந்த ஆன்டெனாவுக்கும் மின்னோட்டம் திரும்பிப் போக இன்னொரு பாதி வேண்டும். நீங்கள் தனியாக ஒன்று கொடுக்காததால் அது கோஆக்ஸின் மேல்தோலை, அதாவது பின்னல் கம்பியின் வெளிப்புறத்தை, அந்தப் பாதியாக எடுத்துக்கொள்கிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 42 மீட்டர், கால் பங்கு பத்தரை மீட்டர். உங்கள் கோஆக்ஸும் பத்து மீட்டர். அந்த மின்னோட்டத்துக்கு இதைவிட வசதியான நீளம் கிடையாது. ஆக, உங்கள் ஆன்டெனா தென்னைமரத்தில் தொடங்கி லேப்டாப் பக்கத்தில் முடிகிறது. ஆன்டெனா ரேடியோவோடு பொருந்துகிறதா என்று சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 காட்டுகிறது, அதனால் ஆன்டெனா சரி என்கிறீர்கள்; அந்த மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. கோஆக்ஸ் மொத்தமும் ஆன்டெனாவாக வேலை செய்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். அழகாகவே இருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் மெஷ் ரௌட்டர் வாங்கினால் சரியாகுமா என்றால், ஆகாது. 7 மெகாஹெர்ட்ஸ் வைஃபை அலையோடு மோதவில்லை. சார்ஜர் வயர், ஈதர்நெட் வயர், யு.எஸ்.பி. வயர், ஹெட்செட் வயர் வழியாக உள்ளே வந்து அங்கிருக்கும் சில்லுகளைக் குழப்புகிறது. ஃபைபர் கனெக்‌ஷன்தானே, அதில் எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி இழைக்குள் எதுவும் ஏறாது, அது உறுதி. ஆனால் அந்த ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர் வயர் ஒன்று உண்டு, அதிலிருந்து உங்கள் மேஜைக்கு ஈதர்நெட் வயர் ஒன்று உண்டு. இரண்டும் செம்பு.

இந்த வயர்களில் எது முதல் குற்றவாளி என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வீட்டில் அரைமணி நேரம் ஒதுக்கினால் நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலில் டம்மி லோடு சோதனை: ஆன்டெனாவுக்குப் பதிலாக, அலையை வெளியே விடாமல் சூடாக மாற்றிவிடும் ஒரு ரெசிஸ்டரை மாட்டுவது. ரெடிமேடாக இல்லையென்றால் 1 கிலோ ஓம், 2 வாட், மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் இருபதை இரண்டு செப்புத் தகடுகளுக்கு நடுவில் பக்கவாட்டாகச் சேர்த்துப் பற்றவையுங்கள்: 50 ஓம், 40 வாட். வயர்வுண்ட் ரெசிஸ்டர் வேண்டாம். அது சுருள், 7 மெகாஹெர்ட்ஸில் 50 ஓமாக நடந்துகொள்ளாது. ஆன்டெனாவைக் கழற்றி இதை மாட்டி, 25 வாட்டில் பத்து விநாடி கேரியர் (குரல் ஏறாத வெறும் அலை) கொடுங்கள். தொல்லை முழுவதும் ஓய்ந்துவிட்டால் ரேடியோ நல்ல ரேடியோ, பிரச்சினை ஆன்டெனாவிலும் கோஆக்ஸிலும். டம்மி லோடு போட்டும் மவுஸ் ஓடினால் மின்சாரப் பக்கம் வழியாகவோ, ரேடியோவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள யு.எஸ்.பி. வயர் வழியாகவோ போகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம், ஆனாலும் சோதிக்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

அடுத்து, ஆன்டெனாவை மறுபடி மாட்டி, லேப்டாப்பில் எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு பேட்டரியில், வைஃபையில் ஓடவிடுங்கள். கமாண்டு விண்டோவில் ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போய்க்கொண்டிருக்கட்டும். இன்னொரு விண்டோவில் வெளியுலக முகவரி ஏதாவது ஒன்றுக்கு. வீட்டில் ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு பி.டி.டி. அழுத்துங்கள். இரண்டும் நிற்காமல் போனால் லேப்டாப்பும் ரௌட்டரும் தப்பித்தன. பிடுங்கிய வயர்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், எதைச் செருகியதும் அறுகிறதோ அதுதான். ரௌட்டருக்குப் போவது ஒழுங்காக இருந்து வெளியே போவது மட்டும் நின்றால் ஃபைபர் பெட்டி குழம்புகிறது. இரண்டுமே நின்றால் ரௌட்டர், அதன் அடாப்டர், அல்லது லேப்டாப்பே. கம்பெனி ஹெல்ப்டெஸ்க்கில் டிக்கெட் போட்டால் டிரைவரை அழித்துப் போடச் சொல்வார்கள், வி.பி.என். மென்பொருளை மறுபடி நிறுவுவார்கள், நாலு நாளில் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் திரையில் தெரிவது 'லிங்க் டவுன்' என்ற ஒரு வரி மட்டும்.

இனி வைத்தியம். வரிசை முக்கியம்: முதலில் ஆன்டெனா, பிறகு கோஆக்ஸ், கடைசியில்தான் மேஜை. பலரும் தலைகீழாகத் தொடங்கி, வீட்டிலுள்ள எல்லா வயரிலும் கிளிப் ஃபெரைட் (வயரைக் கவ்வும் காந்தப் பொருள் துண்டு) மாட்டிவிட்டுச் சலித்துப்போகிறார்கள். வாட்டைக் குறைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். 50-ஐ 25 ஆக்கினால் வயர்களில் ஏறும் வோல்ட்டேஜ் முப்பது சதவீதம்தான் குறையும். அதே ஆன்டெனாவை வீட்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போகும்.

எண்ட்-ஃபெட்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரை ஜன்னலிலிருந்து தோட்டத்துக் கோடிக்கு மாற்றுங்கள். அங்கிருந்து கோஆக்ஸில் 2 மீட்டர் தள்ளி ஒரு சோக், அதாவது மேல்தோலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள், போடுங்கள். அந்த 2 மீட்டர், அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, மின்னோட்டம் திரும்பும் எதிர்ப்பாதியாக வேலை செய்யும். சோக்குக்கு அப்பால் மின்னோட்டம் அதிகம் போகாது. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே சோக் போட்டுவிட்டு எதிர்ப்பாதிக்கு ஒன்றும் கொடுக்காவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டுப்போகும், சோக் வேலை செய்யவில்லை என்று அதன் மேல் பழி போடுவீர்கள். கோஆக்ஸ் அறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இடம் இருக்கும்போது எண்ட்-ஃபெட்டை விட்டுவிட்டு நடுவில் ஊட்டும், இரண்டு சம கைகள் கொண்ட டைபோல் கட்டுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும்: 7.1-க்கு 20.1, பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை ஸ்கொயர் வயரே போதும். பத்தரை மீட்டராக வெட்டித் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள். இரு பக்கமும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். பி.வி.சி. உறை போட்ட வயர் வெறும் கம்பியைவிட இரண்டு மூன்று சதவீதம் குட்டையாகவே வந்து நிற்கும், கணக்கு தப்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். நமக்கு 7.0 முதல் 7.2 வரைதான் அனுமதி, ஆகவே நடுவில் நிறுத்தினால் இரண்டு கோடியும் சமாளித்துவிடும். நடுவில் 8 மீட்டர் பைப், இரண்டு நுனியும் தரையிலிருந்து 3 மீட்டர், தலைகீழ் 'வி' போல.

மேற்கே மலை மறைக்கிறதே, உயரத்தில் கட்டினால்தானே கேரளாவுக்குப் போகும் என்று சொல்லித்தான் நீங்கள் வயரை வீட்டை ஒட்டி உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள். நேர்க்கோட்டில் போகும் வி.எச்.எஃப். அலையாக இருந்தால் சரி. ஆரியங்காவு மலையைத் தாண்ட உயரம் தேவை. 40 மீட்டரில் பகல் நேரத்தில் வேலை நடப்பது செங்குத்தாக மேலே போய், வானின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டு இறங்கும் அலையால். அதற்கு மலை குறுக்கே நிற்பதே இல்லை, தாழ்வாகக் கட்டிய டைபோலே புனலூருக்கும் கொல்லத்துக்கும் மதுரைக்கும் கொட்டிவிடும். ஆக, ஆன்டெனாவை லேப்டாப்பின் தலைக்கு மேல் வைக்க உங்களுக்குக் காரணமே இல்லை. தென்னையில் கட்டுவதாக இருந்தால் விறைப்பாகக் கட்டாதீர்கள். ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கும்போது மரம் ஆடும் ஆட்டத்தில் வயர் அறுந்துவிடும். ஒரு கப்பியில் கயிறைவிட்டு மறுமுனையில் மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டால் மரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

சோக் செய்வது எப்படி: வெளி விட்டம் 61 மில்லிமீட்டர் உள்ள எஃப்.டி.240 ஃபெரைட் வளையம், கலவை எண் 31. அதில் ஆர்.ஜி.58 கோஆக்ஸை 12 சுற்று நெருக்கமாகச் சுற்றி, கேபிள் டையால் கட்டுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 3000 ஓமுக்கு மேல் தடை கிடைக்கும். கலவை 43 கிடைத்தாலும் வேலை செய்யும், கொஞ்சம் குறைவாக. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருந்து பிடுங்கிய மஞ்சள்-வெள்ளை வளையத்தைப் பயன்படுத்தாதீர்கள். அது ஃபெரைட்டே இல்லை, இரும்புத் தூள், இந்த வேலைக்கு ஆகாது. வளையமே கிடைக்கவில்லை என்றால் 4 அங்குல பி.வி.சி. பைப்பில் ஆறரை மீட்டர் கோஆக்ஸைச் சுற்றி ஒப்பேற்றலாம். ஒரு பேண்டுக்குச் சரியாக இருக்கும், மற்றதில் ஏமாற்றும். கையில் நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவுக்கருவி இருந்தால் சுற்றிய கோஆக்ஸின் பின்னல் கம்பியை மட்டும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டு போர்ட்டின் நடு ஊசிகளுக்கிடையில் மாட்டிப் பாருங்கள். ஒரு போர்ட்டிலிருந்து மறு போர்ட்டுக்கு எவ்வளவு கடக்கிறது என்னும் எஸ்21 மைனஸ் 20 டெசிபெல் காட்டினால் 900 ஓம் அளவு, மைனஸ் 30 காட்டினால் 3000 ஓம் அளவு. முப்பதைத் தொட்டால் திருப்தியாக மேலே ஏற்றலாம். சாரல் காலம் நீளும் ஊர், ஆகவே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து அடியில் மட்டும் ஒரு சின்னத் துளை விடுங்கள். எல்லாப் பக்கமும் அடைத்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் தேங்கும்.

இதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால்தான் மேஜை. கிளிப் ஃபெரைட்டை வயரில் ஒருமுறை மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் ஐம்பது ஓம் அளவில்தான் தேறும், ஒன்றும் தெரியாது. தடை சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அதே வயரைப் பெரிய வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். சார்ஜரில் லேப்டாப் பக்கம் போகும் வயர், ஈதர்நெட்டில் லேப்டாப்பை ஒட்டிய முனை, யு.எஸ்.பி.யில் ரேடியோவை ஒட்டிய முனை. நீளம் மிஞ்சிய ஈதர்நெட் வயரைத் தரையில் பரப்பாமல் தேவையான நீளத்துக்கு மாற்றிவிடுங்கள். மாடிப்படி வழியாகப் பத்து மீட்டர் ஓடும் வயரும் ஒரு கால் அலை ஆன்டெனாதான். ஹெட்செட்டில் உங்கள் குரலே கரகரவென்று கேட்கிறது என்றால் அதன் வயரிலும் இதே வைத்தியம். வீட்டு கரண்ட் வயர் வழியே நெட் தரும் பவர்லைன் அடாப்டர் ஜோடி வீட்டில் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது இயங்குவதே நம் பேண்டுகள் இருக்கும் அலைவரிசைகளில்.

எர்த் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாடி அறையிலிருந்து கீழே குழிக்கு ஒரு தனி வயர் இழுத்து ரேடியோவுக்கு எர்த் கொடுத்திருக்கிறீர்கள். அதன் நீளத்தையும் அளந்து பாருங்கள். பத்து மீட்டர் பக்கம் வந்தால் 7 மெகாஹெர்ட்ஸைப் பொறுத்தவரை அது எர்த்தே இல்லை. கீழ் முனை பூமியில் இருந்தால் மேல் முனை, அதாவது உங்கள் ரேடியோ பெட்டி, உச்ச வோல்ட்டேஜில் நிற்கும். மைக்கின் உலோகம் உதட்டில் சுள்ளென்று குத்துவது இதனால்தான். அலைத்தொல்லைக்கு எர்த் மருந்தாகாது, சோக்தான் மருந்து. ரேடியோ, பவர் சப்ளை, டியூனர் மூன்றையும் மேஜைக்குப் பின்னால் ஒரு செப்புப் பட்டையில் சேர்த்துக் கட்டினால் போதும். ஆனால் பாதுகாப்பு எர்த் வேறு சங்கதி. பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டி இரைச்சலைக் குறைத்தேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பி.டி.டி. அழுத்தும்போது வீட்டு ஈ.எல்.சி.பி. (மின்கசிவைக் கண்டு கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது என்றால் அதைப் பைபாஸ் செய்ய எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம். அதுவும் வயரில் ஏறிய அலைதான், ஆன்டெனாவைத் தள்ளி வைத்து சோக் போட்டதும் நிற்கும்.

கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் சின்னச் செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையை ஆபீஸ் லேப்டாப்பில் ஓட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அட்மின் உரிமை இல்லாத இயந்திரத்தில் சீரியல் டிரைவர் போடுவது தலைவலி, போட்டாலும் யு.எஸ்.பி. தடை வந்து ஒருநாள் பாதி கான்டாக்டில் நிற்கும். அதற்கு மேல் விளக்கக் கடிதம் வேறு. ஒரு பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பையோ போதும். 15 விநாடிச் சுற்றில் ஓடும் முறை என்பதால் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்.டி.8 அனுப்பும்போது பதினைந்தில் பன்னிரண்டரை விநாடிக்கு மேல் முழு வாட்டும் போகும். பேச்சைவிடத் தொல்லை அதிகமாகத் தெரிவது அதனால்தான். சோதனைக்கு அது நல்லதும்கூட. மீட்டிங் உறைவது கடிகாரம் வைத்தாற்போல் விட்டுவிட்டு வந்தால் காரணம் ரேடியோ. ஒழுங்கில்லாமல் வந்தால் நெட்டையே சந்தேகப்படலாம். மவுஸ் மட்டும், அதுவும் ரேடியோ அணைந்திருக்கும்போதே தடுமாறினால் அதன் டாங்கிளை யு.எஸ்.பி. 3 துளைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வையுங்கள். யு.எஸ்.பி. 3 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸைக் கெடுக்கும் என்று 2012-லேயே இன்டெல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அந்தத் தொல்லையில் உங்கள் 40 மீட்டருக்குப் பங்கில்லை.

இனி இரண்டாவது பாதி, கேட்கும்போது வரும் இரைச்சல். ரேடியோவை ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் பழைய யு.பி.எஸ். பேட்டரியே தாங்கும். பிறகு வீட்டு மெயினை இறக்குங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு தன் பங்குக்கு இரைச்சல் போடும், 'மெயினை அணைத்தும் குறையவில்லை, அப்படியானால் வெளியிலிருந்துதான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்வெர்ட்டரையும் அதன் சுவிட்சிலேயே அணையுங்கள். எல்லாம் அடங்கியதும் எஸ்9 எஸ்3-க்கு இறங்கினால், ஆறு எஸ் யூனிட், 36 டெசிபெல் உங்கள் வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகிறது. மெயினை ஏற்றி, மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். பேண்டைச் சுழற்றும்போது ஐம்பது நூறு கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை மொரமொரவென்று ஒரு மேடு வந்து, அது மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தால் ஏதோ ஒரு சுவிட்ச்மோடு அடாப்டர். லேப்டாப் சார்ஜர், எல்.இ.டி. டிரைவர், சி.சி.டி.வி. சப்ளை, சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், இந்த நாலும் வழக்கமான ஆட்கள். ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டுபோனால் காதே காட்டிக்கொடுக்கும். ஆபீஸ் சார்ஜரைத் திறந்து கெபாசிட்டர் போட வேண்டாம். அது கம்பெனி சொத்து, வெளியே வயரில் வளையம் சுற்றுவதோடு நிறுத்துங்கள். ரேடியோவுக்கு வாங்கிய 13.8 வோல்ட் சப்ளையும் சி.சி.டி.வி. கடைச் சரக்காக இருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

எல்லாம் அணைந்த பிறகும் எஸ்7, எஸ்8 என்று ஒரே சீரான கர்ர்ர் தொடர்ந்தால் அது தெருவில் இருக்கிறது. ஈ.பி. லைனில் தளர்ந்த இணைப்பிலோ விரிசல் விட்ட இன்சுலேட்டரிலோ பொறி பறந்தால் நொடிக்கு நூறு முறை வெடிக்கும் கரகரப்பு வரும். அதற்கு ஒரு அடையாளம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது: வெயில் காயும் பங்குனியில் உரக்கக் கேட்டு, சாரல் விழுந்து நனைந்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் கம்பத்துச் சமாச்சாரம். மழையில் கூடுதலாகும் இரைச்சலும் உண்டு, அது துளிகள் வயரில் மோதுவதால் வருவது, மழை விட்டதும் போய்விடும். டிரான்சிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் லைனைத் தொடர்ந்து நடந்து பாருங்கள். இரைச்சல் லைனிலேயே ஓடும் என்பதால் முதலில் கேட்கும் கம்பத்தை முடிவாக எடுக்காமல் நாலைந்து கம்பம் முன்னும் பின்னும் போய் எங்கே உச்சம் என்று பாருங்கள். கம்பத்தைத் தொடவோ கயிற்றால் ஆட்டவோ வேண்டாம். பிரிவு அலுவலகத்தில் 'ரேடியோவில் இரைச்சல் வருகிறது' என்று மனு கொடுத்தால் சிரித்துக்கொண்டு வாங்கி வைப்பார்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து, 'இந்தக் கம்பத்தில் இரவில் பொறி பறக்கிறது' என்று எழுதிக்கொடுங்கள், லைன்மேன் வருவார்.